மீண்டும் கேட்ட கிதார்: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாழ்வும் தொகுப்புகளும்

தோற்றுவாய்

இசை கேட்பதற்குரியது. எனினும் சில இசைக்கலைஞர்களைக் காலம் கேட்டதைவிடப் பார்த்ததே மிகுதி. அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அத்தகையோருள் ஒருவர். மேடையில் முழந்தாளிட்டுத் தம் கிதாருக்குத் தீ மூட்டும் அவருடைய நிழற்படம், அவர் பாடலில் ஒன்றையேனும் கேளாதவர்க்கும் அறிமுகமானது. அந்தத் தீயின் வெளிச்சத்தில் அவருடைய இசை கண்ணுக்குத் தெரிந்த அளவு காதுக்கு எட்டவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

கல்லூரியில் பயின்ற நாள்களில் என் தமையனார் வைத்திருந்த ஒலிநாடா ஒன்றில்தான் ஹென்ட்ரிக்ஸை நான் முதன்முதலாகக் கேட்டேன். நகலிலிருந்து எடுத்த நகல் அது. கேட்டுவிட்டு வெற்றிரைச்சல் என்று ஒதுக்கினேன். அவ்வாறு தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை. பல்லாண்டுகள் கழித்து, மூல ஒலிநாடாக்களிலிருந்து செம்மை செய்யப்பட்ட அவருடைய தொகுப்புகளை இரவில் ஹெட்போன் அணிந்து கேட்டபோது, இரைச்சலின் பெரும்பகுதி அவருடையதன்று, என் நகலினுடையது என்பதை உணர்ந்தேன். பிழைபட்ட படியைப் படித்துவிட்டுப் புலவனைப் பழித்த மாணவியின் நிலை எனக்கு வாய்த்தது.

தமிழில் கேட்டல் என்னும் சொல், செவியால் கேட்டலையும் குறிக்கும். ஒன்றை வேண்டிக் கேட்டலையும் குறிக்கும். ஹென்ட்ரிக்ஸின் வாழ்வை இவ்விரு பொருளிலும் நோக்க வேண்டியுள்ளது. அவர் வேண்டிக் கேட்டவை பலவும் அவர் வாழ்நாளில் செவிமடுக்கப்படவில்லை. அவற்றுள் சில, அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின் நிறைவேறின. அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில் ஹென்ட்ரிக்ஸ் பிறந்தார். தாய் லூசிலுக்கு அப்போது வயது 17. தந்தை ஆல், படைப்பணியில் தொலைவிலிருந்தார். குழந்தைக்குத் தாய் இட்ட பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து திரும்பிய தந்தை, 1946இல் அப்பெயரை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். இவ்வாறு நான்கு வயதிற்குள் அவருக்குப் பெயர் ஒருமுறை மாறியது. பின்னாளில் இலண்டன் செல்லும்போது ஜிமி என்று மீண்டும் மாறியது.

வறுமையும் குடியும் பூசலும் நிறைந்த இல்லம் அது. பெற்றோர் 1951இல் மணமுறிவு பெற்றனர். தாய் 1958 பிப்ரவரியில் காலமானார். இக்காலத்தே சிறுவன் ஒரு துடைப்பத்தைக் கிதாராகப் பாவித்துக் கையில் ஏந்தித் திரிந்தான் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் யாவரும் குறிப்பிடும் செய்தி. 1957இல் தந்தையுடன் ஒரு வீட்டைத் துப்புரவு செய்யச் சென்றபோது, குப்பையில் யுகலேலி என்னும் சிறு நரம்புக்கருவி கிடைத்தது. அதில் எஞ்சியிருந்தது ஒரே நரம்பு. அவ்வொற்றை நரம்பில், வானொலியில் கேட்ட பாடல்களைச் செவிவழியாகவே தேடித் தேடி மீட்டினார். முறையான பயிற்சியோ இசைக்குறியீடு படிக்கும் அறிவோ அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. கேள்வி ஒன்றே அவருக்குக் கல்வியாயிற்று.

1958இல் ஐந்து டாலர் விலையில் ஒரு மரக்கிதார் கிடைத்தது. அடுத்த ஆண்டு தந்தை மின்கிதார் ஒன்றை வாங்கித் தந்தார். ஹென்ட்ரிக்ஸ் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையாளருக்கெனச் செய்த கருவியைத் தலைகீழாகப் பிடித்து, நரம்புகளை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்று, விரும்பிய கருவியை வாங்கும் வளம் பெற்றபின்னும் பெரும்பாலும் இவ்வழக்கத்தையே பின்பற்றினார். தமக்கென்று அமையாத ஒரு கருவியைத் தமக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் இப்பண்பு, அவர் வாழ்வு முழுவதற்கும் பொருந்துவதாகும்.

படையும் பயணமும்

1961இல் ஹென்ட்ரிக்ஸ் படையில் சேர்ந்து, வான்குடைப் படைப்பிரிவொன்றில் பயிற்சி பெற்றார். கெண்டக்கி மாநில முகாமில் பில்லி காக்ஸ் என்னும் பாஸ் கிதார்க் கலைஞரின் நட்பு வாய்த்தது. உடல்நலத்தினும் ஒழுங்கினும் குறை கூறப்பட்டு, 1962இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதன்பின் நான்காண்டுகள், கறுப்பின மக்கள் கூடும் அரங்குகளில் பிறர்க்குப் பின்னணி வாசிப்பவராக ஊர் ஊராக அலைந்தார். ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் முதலான புகழ் பெற்றோர்தம் குழுக்களில் அவர் வாசித்த காலம் இதுவே. பின்வரிசையில் நிற்பவன் முன்வரிசையில் நிற்பவரை மிஞ்சித் தோன்றலாகாது என்பது அவ்வரங்குகளின் எழுதாச் சட்டம். அச்சட்டத்திற்கு அவர் பொருந்தவில்லை.

1965 அக்டோபரில், ஒரு டாலர் முன்பணமும் ஒரு விழுக்காட்டு உரிமைத்தொகையும் பெறும் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றில் அவர் கையொப்பமிட்டார். வறுமையில் இட்ட அக்கையொப்பம் புகழ் வந்த காலத்தில் வழக்காக மூண்டு, அவர் இறக்கும்வரை நிழல்போல் தொடர்ந்தது.

1966இல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலுள்ள ஒரு சிற்றுண்டி விடுதியில் அவர் வாசிப்பதைச் சாஸ் சாண்ட்லர் கேட்டார். 'அனிமல்ஸ்' என்னும் ஆங்கிலேயக் குழுவில் பாஸ் கிதார் வாசித்த அவர், குழுவைவிட்டு விலகித் தயாரிப்பாளராக விரும்பியிருந்த நேரம் அது. அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் வந்திறங்கினார். நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்னும் இரு ஆங்கிலேய இளைஞருடன் மூவர் குழு அமைந்தது. தாயகத்தில் பின்வரிசையில் நின்றவர், கடல் கடந்து முன்வரிசைக்கு வந்தார். ஒன்பது மாதங்களில், 1967 ஜூன் 18 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டெரே விழா மேடையில் கிதாரை எரித்துத் தாயகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். அன்று முதல் அவரைப் பார்க்க வந்த கூட்டம் பெருகியது. ஒவ்வொரு மேடையிலும் தீயையும் பல்லால் நரம்பு மீட்டுவதையும் எதிர்பார்த்து நின்றவர்களின் ஆரவாரம், பின்னாளில் அவருக்குச் சலிப்பையே தந்தது.

மூன்று தொகுப்புகள்

அக்குழு கூடத்தில் பதிவுசெய்து வெளியிட்ட தொகுப்புகள் மூன்றே. 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' 1967 மே மாதத்திலும், 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' அவ்வாண்டு டிசம்பரிலும், இரட்டை இசைத்தட்டாகிய 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' 1968 அக்டோபரிலும் வெளிவந்தன. செம்மை செய்த படிகளில் இவற்றை மீண்டும் கேட்போர்க்கு முதலில் புலப்படுவது, இவற்றின் அமைதியும் கட்டமைப்பும் ஆகும்.

அக்கால இலண்டன் கூடங்களில் நான்கு தடங்கள் கொண்ட பதிவுக்கருவியே இருந்தது. நான்கும் நிரம்பியபின், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் இரு தடங்களில் சுருக்கி, எஞ்சிய இரு தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்க்க வேண்டும். சுருக்கியபின் பழையதைத் திருத்த இயலாது. எனவே எதை முன்னிறுத்துவது, எதை மறைப்பது என்பதை முன்னரே முடிவு செய்தாக வேண்டும். யாப்பின் நெருக்கடிக்குள் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கவிஞனுக்கு இந்நெருக்கடி புதிதன்று. எடி கிராமர் என்னும் இளம் ஒலிப்பொறியாளரின் துணையுடன் ஹென்ட்ரிக்ஸ் இப்பணியில் இரவு பகலாக உழைத்தார். தம் குரலைப்பற்றி அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பாடும்போது பிறர் பார்வை படாதவாறு தடுப்புகளின் மறைவில் நின்றே பாடினார் என்பர். மேடையில் தீ மூட்டியவர் கூடத்தில் மறைந்து நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

இரண்டாம் தொகுப்பிலுள்ள 'லிட்டில் விங்' ஏறத்தாழ இரண்டரை நிமிடமே நீளும். இரண்டு பாடற்பகுதிகள், பின் ஒரு கிதார் இசை. அது உச்சத்தை நோக்கி ஏறும்போதே ஒலி தேய்ந்து மறைகிறது. என் பழைய நாடாவில் இப்பாடல் ஒரு மூட்டமாகவே கேட்டது. செம்மைப் படியிலோ, ஹென்ட்ரிக்ஸ் தட்டும் சிறு உலோகப் பட்டைகளின் மணியோசை கிதாரின் ஒவ்வொரு திருப்பத்திலும் தனித்துத் துளிர்க்கிறது. கிதார் ஒலி, சுழலும் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தப்பட்டமையால், நீரில் நிழல் அசைவதுபோல் அசைகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்குமுன் நிறுத்திக்கொள்ளும் கலையை இப்பாடலில் கற்கலாம்.

இத்தொகுப்பின் முதற்பக்கத்துக்கு நேர்ந்த இடரையும் குறிப்பிட வேண்டும். கலவை முடிந்த மூலநாடாவை ஹென்ட்ரிக்ஸ் வாடகைக் காரொன்றில் மறந்து விட்டுவிட்டார். அது மீளவே இல்லை. ஒரே இரவில் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் கேட்பது இரண்டாம் முறை கலந்ததே. தொலைந்த ஏட்டின் வருத்தம் நம் இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாம் தொகுப்பின்போது அவர் நியூயார்க்கில் கூடுதல் தடங்கள் கொண்ட கூடத்துக்கு மாறினார். ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்து நிறைவுறாமல் அழித்தார். இதனைப் பொறுக்க இயலாது சாண்ட்லர் இடையிலேயே விலகினார். பாப் டிலன் இயற்றிய 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாடலை ஹென்ட்ரிக்ஸ் இத்தொகுப்பில் பாடியுள்ளார். நகலில் ஒரே கிதாராகக் கேட்டது, செம்மைப் படியில் பலவாகப் பிரிகிறது. டேவ் மேசன் வாசித்த பன்னிரு நரம்பு மரக்கிதார் அடித்தளமிட, ஹென்ட்ரிக்ஸின் மின்கிதார் அதன்மேல் வெவ்வேறு குரல்களில் எழுகிறது. தம் பாடலைப் பிறர் பாடக் கேட்ட டிலன், பின்னர்த் தம் மேடைகளிலேயே இவ்வடிவத்தைத் தழுவிப் பாடலானார். இயற்றியவரே ஏற்றுக்கொண்ட உரை என இதனைக் கூறலாம்.

இரண்டு முகப்புகள்

'ஆக்சிஸ்' தொகுப்பின் முகப்பு நம்மவர்க்குப் பழகிய ஒன்று. கடைகளில் விற்கும் திருமாலின் விசுவரூபப் படத்தைத் தழுவி, நடுவே ஹென்ட்ரிக்ஸ் முகத்தையும் உடன் ஏனையிருவர் முகங்களையும் பதித்து வரைந்திருந்தனர். இம்முகப்பைப்பற்றி ஹென்ட்ரிக்ஸைக் கலந்துகொள்ளவில்லை. இந்தியர் என்றால் தம் முன்னோராகக் குடும்பத்தார் கருதிய அமெரிக்கப் பழங்குடியினரின் அடையாளமே தமக்குப் பொருந்தும் என்பது அவர் எண்ணம். நம் வழிபாட்டுக்குரிய படிமம் ஒன்று, இசையோடு தொடர்பின்றி, கேட்காமலே அவர்மேல் ஏற்றப்பட்டது.

'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' வெளியீட்டின்போது அவர் முன்னதாகவே கேட்டார். நியூயார்க்கின் மையப் பூங்காவில், ஆலிஸ் கதைமாந்தரின் சிலைமீது சிறுவர் சிறுமியருடன் குழுவினர் அமர்ந்திருக்கும் நிழற்படத்தை முகப்பில் இடுமாறு, தம் கையாலேயே பக்க அமைப்பை வரைந்து நிறுவனத்துக்கு மடல் எழுதினார். லிண்டா ஈஸ்ட்மன் எடுத்த படம் அது. நிறுவனம் அம்மடலைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் வேறு படமும், பிரிட்டனில் ஆடையற்ற மகளிர் கூட்டத்தின் படமும் முகப்பாயின. குழந்தைகளை வேண்டியவருக்குக் கிடைத்தது இது.

இறுதி ஆண்டுகள்

1968-69இல் இலண்டன் புரூக் தெரு 23ஆம் எண் இல்லத்தின் மேல்மாடியில் ஹென்ட்ரிக்ஸ் குடியிருந்தார். அடுத்த வீடாகிய 25ஆம் எண்ணில்தான் 1723 முதல் 1759இல் மறையும்வரை செவ்விசை மேதை ஹேண்டல் வாழ்ந்தார். இச்செய்தி அறிந்த ஹென்ட்ரிக்ஸ், ஹேண்டலின் இசைத்தட்டுகளை வாங்கிவந்து கேட்டார். 2016இல் அவருடைய குடியிருப்பு பழையபடி அமைக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

1969 ஜூனில் மூவர் குழு கலைந்தது. ஆகஸ்ட் 18 காலை, வுட்ஸ்டாக் விழாவின் இறுதியில், கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்து சென்றபின், அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கிதாரில் இசைத்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பண்ணின் இடையிடையே குண்டு விழும் ஓசையையும் ஓலத்தையும் ஒலிபெருக்கியின் எதிரொலிப்பால் எழுப்பினார். சொல் ஒன்றுமின்றி ஒரு நாட்டின் புண்ணைக் காட்டிய இசை அது. 1970 தொடக்க நாளை ஒட்டி நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், பழைய படைத்தோழர் பில்லி காக்ஸும் தாளக்கலைஞர் படி மைல்ஸும் உடன்வர, போரைப் பாடும் 'மெஷின் கன்' என்னும் நெடும்பாடலை வாசித்தார். 1965ஆம் ஆண்டு ஒப்பந்த வழக்கைத் தீர்ப்பதற்காகவே அந்நிகழ்ச்சிப் பதிவு தொகுப்பாக வேறு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. அவ்வொரு டாலருக்கு ஈடாக ஒரு கலைஞன் கொடுத்த விலை இது.

தம் பணத்தில் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக்கூடம் வேண்டுமென்பது அவர் நெடுநாள் விருப்பம். கிரீன்விச் வில்லேஜில் 'எலெக்ட்ரிக் லேடி' கூடம் எழுந்தது. கட்டி முடியுமுன்பே கோடையில் சில வாரங்கள் அங்கே பதிவு செய்தார். 1970 ஆகஸ்ட் 26 அன்று திறப்பு விழா நடந்தது. அதனை முடித்துக்கொண்டு இங்கிலாந்துக்கு நிகழ்ச்சிக்காகப் புறப்பட்டார். திரும்பவில்லை. செப்டம்பர் 18 அன்று இலண்டனில், உறக்க மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்ட நிலையில், வாந்தி மூச்சுக்குழலை அடைத்து உயிர் நீத்தார். விசாரணை அலுவலர் முடிவு எதனையும் உறுதியாகக் கூறாமல் தீர்ப்பளித்தார். சியாட்டிலை அடுத்த ரென்டனில் அடக்கம் நடைபெற்றது. உயில் எழுதி வைக்காமையால் உரிமை தந்தையைச் சேர்ந்தது.

இடைச்செருகலும் செம்பதிப்பும்

அவர் விட்டுச்சென்ற நாடாக்கள் ஏராளம். நான்காம் தொகுப்புக்கெனப் பாடல்களின் வரிசையைக் கைப்பட எழுதி எழுதித் திருத்தியிருந்தார். முற்றுப்பெறாத அவற்றை என்செய்வது என்னும் வினா எழுந்தது. 1975இல் வெளிவந்த 'கிராஷ் லேண்டிங்' தொகுப்பில், தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ், ஹென்ட்ரிக்ஸுடன் வாசித்த கலைஞர்களின் பகுதிகளை நீக்கி, அவரோடு என்றும் வாசித்திராத கூலிக் கலைஞர்களைக்கொண்டு புதிதாக வாசிக்கச் செய்து இணைத்தார். சில பாடல்களுக்கு ஆக்கியோருள் ஒருவராகத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். கேட்போர்க்கு ஒரு முழுமையான படைப்பை அளிக்கும் நோக்கமே தமக்கு இருந்தது என்று அவர்சார்பில் வாதிடலாம். ஆயினும், நமக்குப் பழகிய சொல்லில் கூறினால், இஃது இடைச்செருகல். அதனினும் கொடியது, செருகுவதற்காக மூலத்தை நீக்கியமை.

நெடுவழக்குக்குப்பின் 1995இல் தந்தை ஆல் ஹென்ட்ரிக்ஸ் உரிமைகளை மீட்டார். 1997 ஏப்ரலில் முதல் மூன்று தொகுப்புகளும், எடி கிராமரும் ஜார்ஜ் மரினோவும் மூலநாடாக்களிலிருந்து செம்மை செய்து அமைத்த வடிவில் வெளிவந்தன. செம்மையாக்கம் என்பது யாதென இங்கே தெளிதல் வேண்டும். பாடலின் பல தடங்களையும் கலந்து இறுதியாக்கிய நாடாவே மூலம். அதிலிருந்து படி, படியிலிருந்து படி என எடுக்க எடுக்க நாடாவின் இரைச்சல் கூடும்; நுண்ணொலிகள் மங்கும். செம்மையாக்குவோர் மூலத்துக்கே சென்று, ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சீர்செய்து, புதிய படி எடுக்கின்றனர். புதிய ஒலி எதனையும் சேர்ப்பதில்லை. இருப்பதைக் கேட்கச் செய்கின்றனர். செல்லரித்த படிகளை விலக்கி மூல ஏட்டைத் தேடிச் செல்லும் பதிப்பாசிரியரின் பணியும் இதுவே அன்றோ?

அதே நாளில் வெளியான 'ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் த நியூ ரைசிங் சன்', முற்றுப்பெறாத நான்காம் தொகுப்பை அவர் குறிப்புகளின் துணைகொண்டு மீட்டமைக்கும் முயற்சி. இதிலும் ஊகம் உண்டு. அவர் இருந்திருப்பின் இவ்வரிசையை மீண்டும் மாற்றியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வூகம் அவர் கையெழுத்தை முன்வைத்துத் தொடங்குகிறது. பதிப்பில் பிழை நேரலாம். பணிவு குறைதல் ஆகாது.

2018இல் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு, பெர்னி கிரண்ட்மனின் செம்மையாக்கத்தில் வெளிவந்தது. அதன் முகப்பில் சிலைமீது சிறுவர் சிறுமியருடன் குழுவினர் அமர்ந்திருக்கின்றனர். 1968இல் மடலெழுதிக் கேட்ட படம், ஐம்பது ஆண்டுகள் கழித்து, கேட்டவர் மறைந்து 48 ஆண்டுகள் சென்றபின், முகப்பில் ஏறியது.

நிறைவுரை

நம் வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரிடமும் அடித்தும் திருத்தியும் எழுதிய குறிப்பேடுகள் இருக்கும். அவற்றுள் முடியாத வரிகளும் இருக்கும். ஒருநாள் அவை பிறர் கைக்குச் செல்லும். அன்று அவற்றை எடுப்பவர், குறைவரியைத் தம் சொல்லால் நிரப்ப விழைவாரா, குறையைக் குறையாகவே காட்டி வெளியிடுவாரா என்பது நம் கையில் இல்லை. ஆனால் நமக்கு முன் மறைந்தோரின் ஏடுகள் இன்று நம் கையில் உள்ளன. அவற்றை நாம் எவ்வாறு கையாளுகிறோமோ, அதுவே நமக்குப்பின் வருவோர் கற்கும் பாடம் ஆகும்.

என் தமையனாரின் பழைய நாடா இன்றும் இருக்கிறது. அதனை எறிய மனமில்லை. இரைச்சல் என்று நான் சொன்னபோது அவர் மறுத்துரைக்காமல் சிரித்தார். அந்த மூட்டத்தினூடே அன்றே அவருக்கு அம்மணியோசை கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது கேட்க ஒரு செம்பதிப்பும் இருபது ஆண்டுகளும் தேவைப்பட்டன. பிந்தியேனும் கேட்டமைக்கு மகிழ்கிறேன்.